பழுதுபார்க்கக் கொடுக்கும் போனில் அந்தரங்கப் படங்களைக் காப்பது எப்படி?

கேள்வி: என் சாம்சங் போனின் திரையில் விரிசல் விழுந்துவிட்டது, ஆனாலும் தொடுதிரை வேலை செய்கிறது. கடையில் பின் நம்பரையும் கேட்கிறார்கள். குடும்பப் படங்களையும் வங்கிக் குறிப்புகளையும் கால்குலேட்டர் போலத் தோன்றும் ஒரு செயலிக்குள் வைத்திருக்கிறேன். அது போதுமா?

பதில்: போதாது. அத்தகைய செயலிகளில் பல, கோப்பின் பெயரை மாற்றி வேறொரு ஃபோல்டரில் ஒளித்து வைப்பதோடு சரி. கணினியில் இணைத்துத் தேடுபவரிடம் அவை எளிதில் அகப்பட்டுவிடும்.

ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் விற்பனைக்கு வந்த போன் என்றால், அதன் உள்சேமிப்பகம் ஏற்கெனவே குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறியாக்கத்தின் சாவி உங்கள் திரைப்பூட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், பின் நம்பரைக் கொடுப்பவர் சாவியையே கொடுத்துவிடுகிறார். கூகுள் போட்டோஸில் உள்ள லாக்டு ஃபோல்டரும் அதே திரைப்பூட்டில்தான் திறக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே நம்பரைக் கொடுக்காமலிருப்பதே முதல் வழி. திரையை மாற்றுவதற்கு அது பொதுவாகத் தேவையும் இல்லை. போனைத் திரும்பப் பெறும்போது நீங்களே திறந்து சோதித்துக்கொள்ளலாம். உங்கள் மாடலின் செட்டிங்ஸில் மெயின்டனன்ஸ் மோடு இருந்தால் அதை இயக்கிவிட்டுக் கொடுங்கள். கடைக்காரர் போனைச் சோதிக்க முடியும், உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது, அந்த நிலையிலிருந்து வெளியேற உங்கள் திரைப்பூட்டு வேண்டும்.

நிரந்தர ஏற்பாடாக, கால்குலேட்டர் செயலியிலிருந்து படங்களை முதலில் வெளியே எடுத்துவிட்டு (எடுக்காமல் செயலியை நீக்கினால் படங்களும் போய்விடக்கூடும்), தனிப் பூட்டு போடக்கூடிய சாம்சங்கின் செக்யூர் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அதற்குத் திரைப்பூட்டிலிருந்து வேறுபட்ட கடவுச்சொல்லை வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தத் தனிப் பூட்டினால் பயனில்லை. வங்கிக் குறிப்புகளுக்குப் பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மேலாண்மைச் செயலி இன்னும் பொருத்தமானது.

பூட்டைவிடப் பிரதிகள்தான் அதிகம் காட்டிக்கொடுக்கின்றன. மெமரி கார்டில் உள்ள படங்கள் வழக்கமாகக் குறியாக்கம் செய்யப்படுவதில்லை என்பதால், அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம், அழித்த பிறகும் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்புக்கான என்ட்-டு-என்ட் குறியாக்கத்தை (சாவி உங்களிடம் மட்டுமே இருக்கும் முறை) நீங்களே செட்டிங்ஸில் இயக்க வேண்டும்.

கடையில் ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ளவற்றை அழித்துப் புதிது போலாக்குவது) செய்ய நேர்ந்தால் செக்யூர் ஃபோல்டரில் இருப்பவை முழுவதும் அழிந்துவிடும். எனவே போனைக் கொடுப்பதற்கு முன், கடவுச்சொல்லால் குறியாக்கம் செய்த ஒரு பென்டிரைவிலோ கணினியிலோ படங்களின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.