தலையணையைக் குத்தலாமா?

கேள்வி: மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். கேட்டால் 'கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்' என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். வீட்டுக்கு வந்தும் எனக்குப் படபடப்பு அடங்குவதில்லை. மனசு பிரஷர் குக்கர் மாதிரி, ஆவியை வெளியே விட தலையணையைக் குத்துங்கள் என்றார் ஆபீஸில் எங்களுக்கு அனுப்பிய ஒரு பயிற்சியாளர். குத்தலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: குத்தாதீர்கள். குக்கரில் ஆவி வெளியேறினால் அழுத்தம் குறையும். நமக்கு நேர்மாறு. குத்தக் குத்த இதயத் துடிப்பு ஏறும், மேனேஜர் முகம் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓடும்.

அமெரிக்காவில் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இது. 600 கல்லூரி மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னார். 'நான் படித்ததிலேயே படுமோசமான கட்டுரைகளில் இது ஒன்று' என்று இன்னொரு மாணவர் எழுதியதாகச் சொல்லி அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு பகுதியினர் அந்த ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள், இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள், மிச்சப்பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அந்த ஆளின் காதில் இரைச்சலைப் பாய்ச்ச வாய்ப்பு கொடுத்தபோது, அவனை நினைத்துக் குத்தியவர்கள்தான் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். குறைவாகத் தாக்கியவர்கள் சும்மா உட்கார்ந்தவர்கள்! 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2024-இல் வந்த கட்டுரையும் இதையேதான் சொல்கிறது: மூச்சுப் பயிற்சி, தியானம் மாதிரி உடம்பின் வேகத்தைத் தணிப்பவை கோபத்தைக் குறைக்கின்றன, கொட்டித் தீர்ப்பது குறைப்பதில்லை.

அந்தப் பழமொழிக்கு வருகிறேன், அதோடு எனக்குப் பல வருடப் பகை. 'கத்துவாரே தவிர மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டார்' என்பதும் அதன் தம்பிதான். அவர் மனசில் வைத்துக்கொள்ளாமல் கொட்டியதை நீங்கள் ஈரோடு வரைக்கும் சுமந்து வந்திருக்கிறீர்கள், அதை யார் கணக்கில் எழுதுவது? இதே குணவான் எம்.டி. முன்னால் என்றைக்காவது குரலை உயர்த்தியிருக்கிறாரா? ஆளைப் பார்த்து அடக்க முடிகிற கோபத்தை எல்லோரிடமும் அடக்கலாம். பயிற்சியாளரை மேனேஜர் அறைக்கு அனுப்பாமல் உங்களிடம் அனுப்பியதுதான் எனக்கு எரிச்சல். மேலே இருப்பவரைத் தொட முடியாத கோபம் கைக்கு எட்டியவர் மேல் திரும்பும் என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் டாலர்டும் சகாக்களும் 1939-லேயே எழுதிவிட்டார்கள். அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் பத்து நிமிடம் மூச்சை மெதுவாக விட்டபடி தனியாக உட்காருங்கள். அவர் கத்திய தேதியையும் வார்த்தைகளையும் குறித்து வையுங்கள், நிதானமாக இருக்கும் நாளில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கோபம் என்றதும் வெயிலும் ஞாபகம் வருகிறது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஒரு காரை நகர்த்தாமல் நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள், 1986-இல் வெளிவந்த ஆய்வு. வெயில் ஏற ஏறப் பின்னால் நின்றவர்களின் ஹார்னும் ஏறியது, ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டியவர்களிடம் இன்னும் அதிகமாக. நம் டவுன் பஸ் டிரைவர் மே மாத மதியத்தில் கொதிக்கிற என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறார், பின்னால் சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை நடக்கிறது. அவர்கள் சிடுசிடுக்கிறார்கள் என்று மாதாமாதம் எனக்குக் கடிதம் போடுகிறவர்கள், டிரைவர் சீட்டுக்கு ஒரு ஃபேன் கேட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.