பெங்களூரைச் சுற்றியுள்ள பலா விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தால் பலன் உண்டா? நகரத்தில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்?

பலன் உண்டு, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இருபது பேர் கூடிப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் வந்துவிடாது. பழத்தைத் தரம் பிரிக்கும் வேலையை யாராவது ஏற்க வேண்டும். விற்ற பணம் வாரத்துக்குள் விவசாயி கைக்குப் போக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அடுத்த பருவத்தில் குழு கலைந்துவிடும்.

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தெரிந்த குடும்பம் ஒன்று கேட்டுக்கொண்டதால், தொட்டபள்ளாபூர் பக்கம் ஒரு பலா விவசாயிகள் குழுவுக்கு இரண்டு பருவம் கணக்கு எழுதினேன். அதற்கு முன் எனக்குப் பலா என்றால் தெருமுனைத் தள்ளுவண்டியில் வாங்கும் பத்துச் சுளை, அவ்வளவுதான்.

அங்கே பலாவுக்கென்று தனித்தோப்பு வைத்திருந்தவர்கள் குறைவு. ராகிக் கொல்லையின் வரப்பில் நாலு மரம், வீட்டுக்குப் பின்னால் இரண்டு மரம் என்றுதான் இருக்கும். பிஞ்சு விட்டதும் வியாபாரி வருவார். மரத்தை அண்ணாந்து பார்த்து மொத்தமாக ஒரு தொகை சொல்வார். எடை போடுவதில்லை, எண்ணுவதும் இல்லை. இதென்ன ஏமாளித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. மரமேறிக் கயிறு கட்டிக் காய் இறக்கும் கூலி, வண்டி வாடகை, வழியில் வெடித்துப்போகும் பழம் எல்லாமே வியாபாரியின் பொறுப்பு. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் ரொக்கமும் கைக்கு வந்துவிடுகிறது. அவரை விட்டுவிட்டுக் குழுவுக்குப் பழம் கொடுங்கள் என்று கேட்பவர்கள் இவை அத்தனைக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

பலாவுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கொட்டையிலிருந்து முளைத்த மரம் தாய் மரத்தைப் போல இருப்பதில்லை. ஒரே வரப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று கெட்டிச் சுளையோடு தேனாக இனிக்கும் வருக்கை, மற்றது குழைந்து தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் கூழன். வெளித்தோலை வைத்துக் கண்டுபிடிக்க எங்களால் முடியவில்லை. முதல் பருவத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினோம். பாதிப் பேர் வாயாரப் புகழ்ந்தார்கள். பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கேட்டவர்கள்மேல் ஒரு தவறும் இல்லை.

குழுவைக் காப்பாற்றியது அங்கிருந்த ஒரு பெரியவரின் யோசனை. "பழத்தை எதற்கம்மா பிரிக்கிறீர்கள்? மரத்தைப் பிரியுங்கள்" என்றார். அடுத்த பருவத்தில் ஒவ்வொரு அடிமரத்திலும் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதினோம். அந்த மரத்தில் முதலில் பழுத்ததை வெட்டிச் சுவைத்து, எடை, சுளையின் நிறம், வருக்கையா கூழனா, பால் அதிகமா என்று நோட்டில் பதிந்தேன். எது பழுத்தது என்று சொல்வதும் பெரியவர்தான். உள்ளங்கையால் பழத்தைத் தட்டிவிட்டுக் காதை அதன்மேல் வைப்பார். கெட்டியாகக் கேட்டால் இன்னும் நாலு நாள் போகட்டும் என்பார். அடி வயிற்றிலிருந்து வருவதுபோல மந்தமாகக் கேட்டால் உடனே கத்திக்கு எண்ணெய் தடவச் சொல்வார். அவர் கணிப்பு தவறியதாக என் நோட்டில் இரண்டே இரண்டு பதிவுகள்தான்.

வருக்கை மரங்களின் பழம் நகரத்துக்கு வந்தது. கூழன், ஆவியில் வேகவைக்கும் கடுபு என்ற பலகாரத்துக்கும் அல்வாவுக்கும் போனது. சுவையே இல்லாத மரங்களின் காயை முற்றியதும் இறக்கி அப்பளத்துக்குக் கொடுத்தோம். பழத்தின் எடையில் சுளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தேறும். அதனால் ஊரிலேயே சுளை எடுத்துப் பெட்டியில் அனுப்பியபோது வண்டிச் செலவு குறைந்தது, சக்கை அங்கேயே மாடுகளுக்குப் போனது, சுளை எடுத்த பெண்களுக்கும் கூலி கிடைத்தது. அந்தப் பருவத்தில் பழம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் வியாபாரி முன்பு கொடுத்ததைவிடக் கூடுதலாகவே எழுதினேன். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

பணத் தாமதத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். ஒரு நிறுவனம் பலாக்கொட்டையை மொத்தமாக எடுத்துக்கொண்டு, பணத்தை மூன்று மாதம் இழுத்தடித்தது. அதற்குள் ஐந்து குடும்பங்கள் பழைய வியாபாரியிடமே மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதம் பொறுத்திருக்கச் சேமிப்பு வேண்டும். அது அவர்களிடம் இல்லை.

விவசாயிகள் கூடி விற்பது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. காய்கறி, பழம் விற்கும் ஹாப்காம்ஸ் என்ற கூட்டுறவுக் கடைகளை நாம் பார்க்கிறோமே, அவற்றின் தொடக்கம், 1959இல் தோட்டக்கலை அறிஞர் எம்.எச். மரிகௌடாவின் முயற்சியால் உருவான திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம்தான். இப்போது கூட்டுறவுச் சங்கத்தோடு, விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வழியும் இருக்கிறது. பத்து விவசாயிகள் சேர்ந்தாலே பதிவு செய்யலாம். தனிநபர் உறுப்பினர்கள் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. இவற்றுக்கான மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுத் திட்டத்தில் நிதியுதவி பெறச் சமவெளிப் பகுதிகளில் குறைந்தது 300 உறுப்பினர்கள் தேவை. பலாவுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் இருபது, முப்பது பேரோடு நடத்திவிட்டு அப்புறம் பெரிதாக்குவதே சரி என்பது என் எண்ணம். ஒருவர் மரத்தை இன்னொருவர் அறிந்திருக்கும் அளவில் இருக்கும்போது தரத்தில் யாரும் கைவைப்பதில்லை.

நல்ல மரம் தெரிந்துவிட்டால் அடுத்த வேலை ஒட்டுக்கன்று. துமகூரு மாவட்டத்தில் ஒரு விவசாயி வீட்டு மரத்தை ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'சித்து' என்ற பெயரில் அடையாளம் கண்டு, 2017இல் அந்தக் குடும்பத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒட்டுக்கன்று விற்கும் வருமானத்தில் பெரும்பங்கு அந்தக் குடும்பத்துக்கே போகிறது. பழம் சராசரியாக இரண்டரை கிலோதான், சுளை செம்பு நிறம். நாலு பேர் வாழும் வீட்டில் பதினைந்து கிலோப் பழத்தை என்ன செய்வது என்று தயங்கும் நகரத்தாருக்கு இதைவிடப் பொருத்தமான பலா எது? எங்கள் குழுவில் ஆறு வீடுகளில் இதன் கன்று நட்டிருக்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம் என்றால், உங்கள் குடியிருப்பில் பத்து வீடுகள் சேர்ந்து பருவம் தொடங்கும் முன்பே ஒரு குழுவிடம் சொல்லிவையுங்கள். பாதிப் பணத்தை முன்னதாகக் கொடுங்கள். வியாபாரி கொடுக்கும் ரொக்கத்துக்கு ஈடாக நிற்பது அதுதான். சுளையை எடைக்கு வாங்குங்கள், கொட்டையையும் கேட்டு வாங்குங்கள். சாம்பாரில் போட்டால் மிச்சம் இருக்காது. எந்த மரத்துப் பழம் என்று எண் கேளுங்கள். பிடித்திருந்தால் அந்த எண்ணைச் சொல்லியே அடுத்த வாரமும் வாங்கலாம். மழை வலுத்தபின் சுளையில் நீர் ஏறி இனிப்புக் குறைந்துவிடும். அதனால் அதற்கு முன்பே வாங்கி முடித்துவிடுங்கள்.