ஷிப்ட் வேலையோடு டீக்கன் பொறுப்பு எடுக்கலாமா?

பிரதர், பினாங்கு பாயான் லெப்பாசில் ஷிப்ட் வேலை, 40 பேர் உள்ள பாப்டிஸ்ட் சபையில் டீக்கனாக (சபையின் நடைமுறை வேலைகளைக் கவனிக்கும் உதவிக்காரராக) கூப்பிடுகிறார்கள், பிரசங்கம் வராது, காணிக்கைப் பணம் வேறு கையில் வரும், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

பிரசங்கக் கவலையை விடுங்கள். அப்போஸ்தலர் 6-இல், டீக்கன் பொறுப்புக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததே விதவைகளின் சாப்பாட்டுப் பங்கீட்டைக் கவனிக்கத்தான்.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். உறவினரல்லாத இரண்டு பேர், ஆராதனை முடிந்த கையோடு, சபையிலேயே எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணச் சொன்னால், போதகரே சொன்னாலும், மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் சபையில் ஒரு தடவை 50 ரிங்கிட் குறைந்தது. எண்ணியது ஒரே ஆள். அவர் எடுக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தும் மனுஷன் பல வாரம் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

திருவிருந்துக்கு ரொட்டி, திராட்சரசம் எடுத்துவைப்பது, ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணீர் பிடிப்பது எல்லாம் தானாகப் பழகிவிடும். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்தால், மற்றவர்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் ஜிஎச்சில் படுத்திருப்பவரைப் போய்ப் பார்க்க உங்களால்தான் முடியும்.

அப்புறம், உடனே சரி சொல்லாதீர்கள். முதலில் சோதித்துப் பார்த்துத்தான் பொறுப்பு என்று 1 தீமோத்தேயு 3:10-இலேயே இருக்கிறது. அப்படிச் சோதித்துப் பார்க்க ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள்.