வாசகர் கேள்வி – பதில்: வரிச் சண்டையா, அடிமை முறையா?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) இறக்குமதி வரிக்காகத்தான் மூண்டது, அடிமை முறை வெறும் சாக்கு என்கிறார்களே, உண்மையா? – தேனி வாசகர்

பதில்: வரிச் சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் அது உச்சத்துக்குப் போனது 1832-ல். வடக்கத்தி ஆலைகளைக் காப்பாற்றப் போட்ட வரி, பருத்தியை விற்று வெளிநாட்டுச் சரக்கு வாங்கிய தெற்கத்திக்காரர்களின் தலையில் விழுந்தது. ‘எங்கள் மாநிலத்தில் இது செல்லாது’ என்றது தென் கரோலினா. மறு ஆண்டே வரியைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டு ராசியானார்கள். 1857-ல் வரி மேலும் இறங்கியது. மீண்டும் உயர்த்திய மோரில் சட்டம் வந்தது 1861 மார்ச்சில்; அதற்குள் தெற்கில் 7 மாநிலங்கள் நாட்டை விட்டே பிரிந்து போயிருந்தன; அந்தப் பிரிவினைதான் போரில் முடிந்தது. காரியத்துக்குப் பின்னால் வந்தது எப்படிக் காரணமாகும்? பிரிவினைக்கு மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். ‘எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது’ என்று ஆரம்பத்திலேயே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது.

கேள்வி: ஏற்கெனவே அடிமை முறை உள்ள மாநிலங்களில் கை வைக்க மாட்டேன் என்றாரே லிங்கன். பிறகு ஏன் பிரிந்தார்கள்? – அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: மேற்கே புதிதாகச் சேரும் பகுதிகளுக்கு அது பரவக் கூடாது என்றும் சொன்னார். முடிச்சு அங்கேதான். 1860-ல் அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர். சந்தை மதிப்பில் ஏறக்குறைய 300 கோடி டாலர். நாட்டின் ரயில் பாதைகள், ஆலைகள் எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. மனிதர்களையே ஈடு வைத்துத்தான் தோட்டக்காரர்கள் கடன் வாங்கினார்கள். வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களுக்கோ, மிசிசிப்பி போன்ற ஆழ்தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளுக்கு ஆட்களை விற்பதே பெரிய வருமானம். புது நிலம் அடைபட்டால் தேவை சுருங்கும், விலை சரியும், கடன் கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொரு பயம் நாடாளுமன்ற மேலவையான செனட். மாநிலத்துக்கு 2 இடம். 1820-ல் அடிமை முறை உள்ள மிசௌரியைச் சேர்க்க ஒப்புக்கொண்டபோது ஈடுகட்ட அது இல்லாத மெய்னையும் சேர்த்துக் கணக்கைச் சரிசெய்தார்கள். 1850-ல் அடிமை முறை இல்லாத கலிஃபோர்னியா வந்ததும் தராசு சாய்ந்தது. 1859-ல் அடிமை முறை இல்லாத மாநிலங்கள் 18, உள்ளவை 15. நடுவில் 1854-ல், மேற்கே கான்சஸ் பகுதியில் அடிமை முறை வேண்டுமா என்பதைக் குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். இரு தரப்பும் துப்பாக்கியோடு ஆள் இறக்கின. கள்ள ஓட்டும் கொலையுமாகப் போனது. போருக்கு ஒத்திகை அதுதான்.

கேள்வி: பிரிட்டன்போல நஷ்டஈடு கொடுத்து விடுவித்திருக்கலாமே? – கரூர் வாசகர்

பதில்: 1833-ல் பிரிட்டன் உடைமைக்காரர்களுக்கு ஒதுக்கியது 2 கோடி பவுண்டு, அடிமைப்பட்டவர்களுக்குக் காலணாகூட இல்லை. அமெரிக்காவில் தொகை மலைபோல. ஆனாலும் லிங்கன் முயன்றார். பிரிந்து போகாமல் வடக்கோடு நின்ற டெலவேர் மாநிலத்தில் அடிமைகள் 1,798 பேர்தான். தலைக்கு 400 டாலர் கணக்கில் 7,19,200 டாலர் தர முன்வந்தார். ஆதரவு தேறாமல் மசோதா சட்டமன்றத்துக்கே வரவில்லை. அடிமை முறையை ஒழித்த, அரசியல் சாசனத்தின் 13-வது திருத்தத்தையும் 1865-ல் நிராகரித்த டெலவேர், ஒப்புதல் கொடுத்தது 1901-ல்.