மகளின் கைபேசியை அழித்துவிடாதீர்கள்

கேள்வி: தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் வசிக்கிறோம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மகளுக்கு வயது 15. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி, ஆடையில்லாத வேறொரு உடலோடு ஒட்டி, அவள் பெயரிலேயே இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கி மூன்று வாரமாக யாரோ போட்டுவருகிறார்கள். வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவிலும் அது சுற்றுகிறது. ‘பணம் கொடு, இல்லாவிட்டால் உன் அப்பாவின் சங்க குரூப்பில் போடுவேன்’ என்று மிரட்டலும் வருகிறது. மகள் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. எங்கள் ஊரிலேயே 16 வயது உறவுக்காரப் பையன் ஒருவன் மீது சந்தேகம் இருக்கிறது. பெரியவர்கள் ஊரில் பேசி முடிக்கலாம் என்கிறார்கள். பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். கணவர் அவளுடைய போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விற்றுவிடப்போவதாகச் சொல்கிறார். புகார் கொடுத்தால் பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இருக்கும் எல்லாக் கேள்விகளுக்கும் முன்னதாக, உங்கள் கணவர் கையிலிருக்கும் அந்தக் கைபேசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை அழிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. மிரட்டல் வந்த நாள், நேரம், அனுப்பிய கணக்கு, குழுவில் முதலில் அதைப் போட்டவரின் எண் ஆகிய அனைத்தும் அதற்குள் இருக்கின்றன. நான் நடத்திய ஒரு வழக்கில், மகளுக்கு வந்த செய்திகளைப் பார்த்த தந்தை ஆத்திரத்தில் போனைப் பாறையில் அடித்து உடைத்துவிட்டார்; எதிர்த்தரப்பு அப்படி ஒரு செய்தியே அனுப்பவில்லை என்று சாதித்தபோது, எங்களிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் நின்றோம். அந்தத் தந்தையின் கோபத்தில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கோபம் யார் மீது இறங்கியது என்பதை அவருடைய மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் வாரக்கணக்கில் தனியாகத் தாங்கிக்கொண்டிருப்பதற்கு முக்கியமான காரணமே, சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம்தான். பள்ளி வாசலில் நடக்கும் கேலி வீட்டுக்கு வந்தால் ஓய்ந்துவிடும். இணையத்தில் நடப்பது படுக்கை வரைக்கும் கூடவே வருகிறது, யார் யார் பார்த்தார்கள் என்பதும் தெரியாது, அழித்ததாக நினைத்த படம் மறுநாள் வேறொரு குழுவில் முளைக்கிறது. அதனால்தான் உறக்கம் கெடுகிறது, பசி போகிறது, காரணமில்லாமல் வயிற்றுவலியும் தலைவலியும் வருகின்றன, தோழிகள் சிரித்தால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மனச்சோர்வும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமும் இதைத் தொடர்ந்து வரக்கூடும். ஆகவே உங்கள் மகளிடம் முதலில் கேட்க வேண்டியது ‘நீ யாருக்குப் படம் அனுப்பினாய்?’ என்பதல்ல, ‘உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா?’ என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றியது என்று சொன்னால் அவளைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சிகிச்சைச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். பாதிப்பின் அளவை நீதிமன்றத்துக்குக் காட்டவும், பின்னர் இழப்பீடு கோரவும் அவை தேவைப்படும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு 18 வயது ஆகாததால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இங்கே முன்னால் நிற்கிறது. தொடாமல் செய்தால் போக்சோ வராது என்று நம் ஊர்களில் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஒரு குழந்தையின் உடலைக் காட்டும் படத்தை, அது உண்மையானதோ இட்டுக்கட்டியதோ, ஊடகத்தில் பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதே அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி பாலியல் துன்புறுத்தல். 12-ஆவது பிரிவு அதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. குழந்தையை ஆபாசமாகச் சித்திரித்து வெளியிடுவது 13, 14 ஆகிய பிரிவுகளுக்குள்ளும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவுக்குள்ளும் வரும். 67பி-யில் முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அவள் பெயரில் போலிக் கணக்கு நடத்தியதற்கு அதே சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளையும், பணம் கேட்டு மிரட்டியதற்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308, 351 பிரிவுகளையும் சேர்க்கக் கோரலாம். ‘66ஏ-வில் கேஸ் போடச் சொல்லுங்கள்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. எந்தப் பிரிவு என்பதைக் காவல்துறையும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும். நடந்ததைத் தேதிவாரியாக உள்ளபடி எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

அதற்கு முன் இன்றிரவே சாட்சியங்களைச் சேகரித்துவிடுங்கள். பலரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு, பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் வெட்டிவிடுகிறார்கள். கணக்கின் பெயரும் நேரமும் அங்கேதான் இருக்கின்றன. எனவே வெட்டாமல் முழுத் திரையையும் எடுங்கள். போலிக் கணக்கின் பக்கத்தைத் திறந்து, மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அந்தக் கணக்கின் இணைப்பை நகலெடுத்து ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். ஒருமுறை மட்டுமே திறக்கும் படமாக மிரட்டல் வந்தால், திறப்பதற்கு முன் இன்னொரு போனின் கேமராவைத் தயாராகப் பிடித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் தானே மறையும் வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடப்பட்டிருந்தால் நேரம் குறைவு என்று பொருள். மகளை அந்தக் குழுவிலிருந்து அவசரப்பட்டு வெளியேறச் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்த பிறகு வெளியேறலாம், அந்தக் கணக்கைத் தடுக்கவும் செய்யலாம்.

இதில் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த ஒட்டுப் படத்தை ‘ஆதாரம்’ என்று சொல்லி அண்ணனுக்கோ ஊர்த் தலைவருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். குழந்தையின் ஆபாசப் படத்தைப் பரப்புவதும், பரப்பும் நோக்கத்தோடு வைத்திருப்பதும் குற்றம். 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை மாற்றி இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வகுப்புக் குழுவில் அதை விளையாட்டாகக் கடத்திவிட்ட பிள்ளைகளும் இதே கண்ணியில்தான் நிற்கிறார்கள் என்பதை அவர்களுடைய பெற்றோர் அறிய வேண்டும். படத்தை மகளின் போனிலேயே காவல் அதிகாரியிடம் காட்டினால் போதும். அச்செடுத்த நகல்களை மட்டும் நம்பினால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமல் அவை ஏற்கப்படா; அசல் கருவியே நீதிமன்றத்துக்கு வந்தால் அந்தச் சிக்கல் பெரிதும் குறையும்.

படத்தை இறக்குவதற்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்ஸ்டாகிராமிலேயே ஆள்மாறாட்டம் என்றும், குழந்தையின் அந்தரங்கப் படம் என்றும் புகார் அளியுங்கள். நிர்வாணமாகக் காட்டும் படத்தையும், மார்பிங் செய்து ஆள்மாறாட்டம் செய்யும் படத்தையும் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு விதித்தன. நீக்கிய பதிவை விசாரணைக்காக 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்காகவே ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையும் உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாமலேயே அதன் கைரேகை போன்ற ஓர் அடையாளக் குறியீடு உருவாகி, இன்ஸ்டாகிராம், பேஸ்புக் முதலிய தளங்கள் அதே படத்தைக் கண்டறிந்து நீக்க உதவுகிறது. வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் சுற்றும் படங்களுக்கு அதன் கை எட்டாது.

புகாரை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் அழைத்தும் தொடங்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பினால், முதல் தகவல் அறிக்கையின் இலவச நகல் வேண்டும் என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதி அனுப்பலாம், அதன் பிறகு நீதிமன்றத்தை அணுகலாம். வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தர மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டது. அதன் உதவி எண் 15100.

பெயர் வெளிவருமே என்ற உங்கள் அச்சத்துக்குச் சட்டம் நேரான பதில் வைத்திருக்கிறது. அவளுடைய வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை ஒரு பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல், நீங்கள் அருகிலிருக்கப் பதிவு செய்ய வேண்டும். ஊர் பார்க்க ஜீப் வந்து நிற்க வேண்டிய அவசியமில்லை என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறையில் நடக்கும், குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்வார்கள். பெயரையோ பள்ளியையோ ஊரையோ அவளை அடையாளம் காட்டும்படி ஊடகத்தில் வெளியிட்டால் போக்சோ 23-ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு. இத்தனை காப்பும் புகார் கொடுத்த பிள்ளைக்குத்தான். கொடுக்காமல் இருந்தால், இன்று அந்தக் குழுவில் இருப்பவர்கள் பேசுவதைத் தடுக்க யாருக்கும் கடமை இல்லை.

ஊரில் பேசி முடிப்பதை நான் ஏற்கவில்லை. கடலில் வலை அறுந்த தகராறையும் படகு உரசிய தகராறையும் ஊர்க்கூட்டம் பேசித் தீர்ப்பது நல்ல வழக்கம். இது அந்த வகை அல்ல. போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. தெரிவிக்காத பெரியவர்கள் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை தண்டனைக்கு உள்ளாகலாம். இத்தகைய வழக்கைச் சமரசத்தைக் காரணம் காட்டி ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதோடு, ஊர்க்கூட்டத்தில் உங்கள் மகளின் படத்தைப் பற்றி ஆண்கள் நிறைந்த சபையில் பேசுவார்கள். நீங்கள் அஞ்சுகிற அவமானம் அங்கேதான் நடக்கும்.

பள்ளிக்கும் இதே 19-ஆவது பிரிவு பொருந்தும். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்புவது தீர்வாகாது என்று தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வற்புறுத்தினால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முறையிடலாம். பொதுத்தேர்வு எழுத வேண்டிய ஆண்டு இது.

அந்தப் பையனைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது சந்தேகம் மட்டும்தான். புகாரிலும் சந்தேகம் என்றே எழுதுங்கள். போலிக் கணக்கைத் தொடங்கிய கருவி எது, இணைப்பு எது என்பதை நிறுவனத்திடமிருந்து காவல்துறை கேட்டுப் பெறும். ஒருவேளை அது நீங்கள் நினைக்காத ஒருவரைக் காட்டலாம். உங்கள் கணவர் கரைக்கு வந்ததும் அவனை அடிக்கப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு வழக்கு அவர் மீது திரும்பும். விசாரணையில் அவன்தான் என்று தெரிந்தாலும், 16 வயது என்பதால் அவன் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் செல்லும்; லாக்கப்பிலோ சிறையிலோ அவனை வைக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அனுமதிப்பதில்லை. இத்தகைய குற்றத்தில் அறிவுரை, ஆற்றுப்படுத்துதல், சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவை முதல், தேவையானால் சிறப்பு இல்லம் வரை குழுமம் ஆணையிடலாம். ஓர் உறவுக்காரப் பிள்ளையின் வாழ்க்கையை நாசமாக்குகிறோமோ என்று உங்களுக்கு ஒரு தயக்கம் இருப்பது கடிதத்தின் வரிகளிலேயே தெரிகிறது. அவன் செய்தது என்ன என்று அவனுக்கு உறைக்கும்படி சொல்லவும், திருத்தவும்தான் அந்தக் குழுமம் இருக்கிறது.

கடைசியாக, போனை மகளிடம் எப்போது திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சு உங்கள் வீட்டில் எழும். காவல்துறை அதைக் கைப்பற்றினால் அதைப் பதிவு செய்யும் கைப்பற்றுதல் மகஜரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தரவுகள் எடுக்கப்பட்ட பின், நீதிமன்றத்தில் மனு செய்து கருவியைத் திரும்பப் பெற வழியுண்டு. அதுவரை சாதாரணப் பட்டன் போன் ஒன்றை அவள் கையில் கொடுத்து, அவள் நம்பும் இரண்டு தோழிகளின் எண்களை அவளையே பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். கணவர் கடலிலிருந்து திரும்பியதும், அந்த ஸ்மார்ட்போனை அவர் கையாலேயே மகளின் முன்னால் ஓர் உறையில் போட்டு ஒட்டட்டும். மறுநாள் காலையில் பிறப்புச் சான்றிதழின் நகலையும் எடுத்துக்கொண்டு, நீங்கள் இருவரும் சேர்ந்தே காவல் நிலையத்துக்குப் போங்கள்.