சுவரில் ஒட்டிய சாமி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. ஏதோ ஒரு ஊர்வலம், ஏதோ ஒரு சிலை, ஏதோ ஒரு வாட்ஸ்அப் படம் என்று காற்று கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது. அதனால் சம்பளம், சர்க்கரை நோய், மாமியார் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஊர் மட்டும் போதும்.

கூட வேலை செய்யும் தோழியின் கல்யாணத்துக்காகக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். எல்லோரும் வரிசையில் போனார்கள் என்று நானும் போனேன். ஃபாதர் கையில் சின்னதாக ஒரு வெள்ளை அப்பம் வைத்தார். சாப்பிடுவதா வேண்டாமா தெரியவில்லை. டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பிரசாதம் மாதிரிதானே என்று பூஜை அறையில் வைத்திருக்கிறேன். தோழியிடம் சொன்னதும் அவள் முகமே மாறிவிட்டது. என்ன தப்பு செய்தேன்?
– வாசகி, திருநெல்வேலி

பூஜை அறையில் வைத்தீர்கள் பாருங்கள், அந்த மனசில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதுவும் பிரசாதமும் ஒன்றல்ல. சர்க்கரைப் பொங்கலுக்கு யார் வேண்டுமானாலும் கை நீட்டலாம், வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறவர்களுக்கும் எடுத்துப் போகலாம். உங்கள் கைக்கு வந்த அந்த அப்பம், நற்கருணை என்பார்கள், அப்படி இல்லை. திருப்பலியில் குருவானவர் வசனம் சொன்ன பிறகு அது அப்பமே இல்லை, கிறிஸ்துவின் உடல் என்பது கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. மீந்துபோனதைக்கூடப் பேழையில் வைத்துப் பூட்டி, பக்கத்தில் அணையாமல் ஒரு விளக்கு எரியவிடுவார்கள். அது பஸ் டிக்கெட்டுக்கும் சில்லறைக்கும் நடுவில் உங்கள் கைப்பையில் வந்தது என்று கேட்டால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, செய்ய வேண்டியது சுலபம். ஒரு சுத்தமான சின்ன டப்பாவில் வைத்துப் பக்கத்தில் உள்ள கத்தோலிக்கக் கோயில் பங்குத்தந்தையிடம் கொடுத்து நடந்ததைச் சொல்லுங்கள். திட்ட மாட்டார், இப்படி வருகிறவர் நீங்கள் முதல் ஆளாக இருக்க மாட்டீர்கள். அவரே உட்கொள்வார், இல்லை தண்ணீரில் கரைத்து மண்ணில் ஊற்றுவார். நீங்களாகத் தாமிரபரணியில் விடக் கிளம்பாதீர்கள். அடுத்த முறை மற்றவர்கள் வரிசைக்குப் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

என் பங்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் ஒரு நண்பன் வீட்டில், பெருக்கல் குறி மாதிரி விரித்து வைக்கும் மரத் தாங்கி ஒன்று மூலையில் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று காபி டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டேன். அவன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார், முந்தானையால் அந்தப் பலகையில் விழுந்திருந்த வட்டக் கறையைத் துடைத்தார், அலமாரியின் மேல்தட்டில் பச்சைத் துணியில் சுற்றியிருந்த குர்ஆனுக்குப் பக்கத்தில் அதை வைத்தார். அது எதற்கான பலகை என்று அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷம் ஆகியும் அந்த வட்டக் கறை கண்ணிலேயே இருக்கிறது.

எங்கள் காம்பவுண்டு சுவரில் ராத்திரி பகல் பார்க்காமல் ஒன்றுக்குப் போகிறார்கள். பிள்ளையார், மாதா, காபா மூன்று டைல்ஸும் வரிசையாகப் பதித்தேன். நாற்றம் நின்றது. இப்போது பக்கத்துத் தெரு பாய் ஒருவர் காபா டைல்ஸை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறார். மூன்று மதத்தையும் சமமாகத்தானே மதித்திருக்கிறேன்?
– வாசகர், ஈரோடு

மூன்று மதத்தையும் சம்பளம் இல்லாமல் வாட்ச்மேன் வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். இதற்கு மதிப்பு என்று ஏன் சார் பெயர் வைக்கிறீர்கள்?

உங்கள் கஷ்டம் புரிகிறது, சுவர் நாறினால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் இந்த மாதிரி சுவர் ஒன்றை ஒரு பஸ் நிலையத்துக்குப் பின்னால் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். டைல்ஸ் முழங்கால் உயரத்தில் இருந்தது. கறை மாதா படத்தில் பாதி வரை ஏறியிருந்தது. பிள்ளையாரின் தும்பிக்கை ஓரம் உடைந்து, அந்தச் சந்தில் யாரோ பீடித் துண்டைச் செருகியிருந்தார்கள். குடித்துவிட்டு இருட்டில் வருகிறவனுக்கு டைல்ஸும் தெரியாது, சாமியும் தெரியாது. மறுநாள் காலையில் யாராவது அதை மொபைலில் படம் எடுத்து 'பார் நம்ம சாமிக்கு நடந்த கதியை' என்று போட்டால் போதும், சாயங்காலம் நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த பாய் கேட்டதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவர்கள் காபாவின் திசையை நோக்கித்தான் தொழுகிறார்கள். சிறுநீர் கழிக்கும்போது அந்தத் திசையை முன்னோக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்து வளர்க்கிறார்கள். நீங்கள் அந்தக் காபாவையே கொண்டுவந்து அதே இடத்தில் முழங்கால் உயரத்தில் பதித்திருக்கிறீர்கள். அவர் வீட்டு வாசலில் வந்து அமைதியாகக் கேட்டதே பெரிய விஷயம். எடுங்கள், மூன்றையும் எடுங்கள். அங்கே ஒரு எல்.இ.டி. விளக்கு போட்டுச் சுவரோரமாகச் செடி வையுங்கள். அப்புறம் கழிப்பறை கேட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு. இது மெதுவாகத்தான் நடக்கும், தெரியும்.

நான் பகுத்தறிவாளன். சதுர்த்தி முடிந்து பக்கத்து வீட்டார் வேப்பமரத்தடியில் வைத்திருந்த மண் பிள்ளையாரை உடைத்து என் பூந்தொட்டிகளுக்குப் போட்டேன். பெரிய சண்டையாகிவிட்டது. மண் மண்தானே? பெரியாரே உடைத்திருக்கிறாரே!
– வாசகர், திருச்சி

பெரியாரிடமே வருவோம், உங்கள் ஊரில் நடந்ததுதான். 1953 மே 27, புத்தர் பிறந்தநாள். முன்கூட்டியே அறிவித்துவிட்டு, டவுன் ஹால் மைதானத்தில் ஊரறிய மண் பிள்ளையாரை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் இந்திய தண்டனைச் சட்டம் 295ஆம் பிரிவில் வழக்குப் போட்டார். கோயிலில் பிரதிஷ்டை செய்யாத வெறும் மண் உருவம் அந்தப் பிரிவில் வராது என்று கீழ்க்கோர்ட்டிலிருந்து ஹைகோர்ட் வரை தள்ளுபடி. உங்கள் நண்பர்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். 1958இல் உச்சநீதிமன்றம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பிரிவு மக்கள் ஒன்றைப் புனிதமாகக் கருதினால் போதும், அது கோயிலுக்குள் இருக்க வேண்டியதில்லை, காசுக்குப் பெறாத பொருளாகவும் இருக்கலாம், அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துகிறதா என்பது கோர்ட் பார்க்கிற விஷயமே இல்லை என்று சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு, ஐந்து வருஷம் ஓடிப்போன விஷயத்தை மறுபடி கிளற வேண்டாம் என்று அப்பீலையும் தள்ளுபடி செய்தது! அதனால் இரண்டு தரப்பும் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 295தான் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 298, இரண்டு வருஷம் வரை தண்டனை.

சட்டத்தை விடுங்கள். பெரியார் யார் வீட்டு மரத்தடியிலிருந்தும் எடுத்து வரவில்லை. தேதி சொல்லி, இடம் சொல்லி, தன் பெயரில் செய்தார், வழக்கு வந்தால் வரட்டும் என்று நின்றார். அது சரியா தப்பா என்று ராத்திரி முழுக்க வாதாடலாம், நான் தயார். நீங்கள் செய்தது பக்கத்து வீட்டுக்காரர் பொருளைக் கேட்காமல் எடுத்தது, அவ்வளவுதான். அவர்கள் அந்தப் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை போட்டு, குழந்தைகளைத் தோப்புக்கரணம் போடவைத்து, கொழுக்கட்டை படைத்திருப்பார்கள். 2020இல் கோயம்புத்தூரில் பெரியார் சிலைமேல் காவிச் சாயம் ஊற்றியபோது 'சிலைதானே, கழுவினால் போய்விடும்' என்று நீங்கள் சும்மா இருந்தீர்களா? நான் இருக்கவில்லை. போய் மன்னிப்புக் கேளுங்கள். பூந்தொட்டி மண்ணைத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள், இன்னும் சண்டை வரும்.

எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜைப் பொரியையும் சுண்டலையும் ஒரு பெந்தெகொஸ்தே நண்பர் வாங்க மறுத்துவிட்டார். குங்குமமும் வேண்டாம் என்றார். எங்கள் சாமியை அவமதித்ததாகத்தானே அர்த்தம்?
– வாசகர், வேளச்சேரி

தட்டிவிட்டாரா, கிண்டல் செய்தாரா? இல்லையென்றால் அவமதிப்பு எங்கிருந்து வந்தது? படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி பைபிளிலேயே, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருக்கிறது. அவர்கள் சபைகளில் அதை ரொம்பக் கறாராக எடுத்துக்கொள்கிறார்கள். அவர் தவிர்த்தது அவருடைய விரதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1985இல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கீதம் ஒலிக்கும்போது எழுந்து ஒழுங்காக நின்றார்கள், வாய் மட்டும் திறக்கவில்லை. எழுந்து நின்றதிலேயே மரியாதை இருக்கிறது, பாடு என்று கட்டாயப்படுத்த முடியாது என்று அடுத்த வருஷமே உச்சநீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. உங்கள் நண்பர் பூஜை முடியும்வரை ஓரமாக நின்றாரா, அதை மட்டும் பாருங்கள். அவருக்குப் படைக்காத சுண்டலைத் தனியாக எடுத்து வைத்தால் இரண்டு தட்டு சாப்பிடுவார்.

சென்னையில் இருக்கும் அக்கா, புத்தர் முகம் அச்சடித்த குர்தா ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறார். அழகாக இருக்கிறது. இங்கே போட்டுக்கொண்டு வெளியே போகலாமா? 2019க்குப் பிறகு எதைச் செய்தாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது.
– வாசகி, மட்டக்களப்பு

போடாதீர்கள். வீட்டுக்குள்ளும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சென்னையில் புத்தர் தலை ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும், குஷன் உறையில்கூட இருக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் நாட்டில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்தாலே முகம் சுளிப்பார்கள். 2014இல் கையில் தாமரைமேல் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் பெண் ஒருவரை விமான நிலையத்திலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர் பௌத்தத்தின்மேல் உள்ள பக்தியால்தான் குத்திக்கொண்டார்! 2017இல் உங்கள் உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று சொல்லி இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

ஆனால் இதே கதையின் மறுபக்கத்தையும் எழுதாமல் விட முடியாது. உங்கள் ஊர் சீயோன் தேவாலயத்திலும் மற்ற இடங்களிலும் ஈஸ்டர் அன்று குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2019 மே மாதம், குருநாகல் பக்கம் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட அதே வாரம், ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் போலீஸ் கைது செய்தது. அவர் உடுப்பில் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் அச்சடித்திருக்கிறது என்று புகார். அது கப்பலின் சுக்கான் சக்கரம். நங்கூரமும் சுக்கானும் போட்ட துணி எந்தக் கடையிலும் கிடைக்கிறதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் அவர் விளக்கமறியலில், அதாவது ரிமாண்டில் இருந்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தூரத்திலிருந்து குழப்பம் வரலாம்தான். ஆனால் பக்கத்தில் போய் 'என்னம்மா இது?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். பயம் பிடித்த ஊரில் யாரும் கேட்பதில்லை, பார்த்தவுடன் முடிவு செய்துவிடுகிறார்கள். குர்தாவை அக்காவிடமே திருப்பி அனுப்புங்கள். பூப்போட்டது கேளுங்கள்.

எங்கள் தேர்த் திருவிழா ஊர்வலம் பள்ளிவாசல் தெரு வழியாகப் போகிறது. மேளத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். ரோடு எல்லாருக்கும் பொதுதானே, ஏன் நிறுத்த வேண்டும்?
– பெயரும் ஊரும் வேண்டாம்

ரோடு பொதுதான், சந்தேகமே இல்லை. பெரம்பலூர் மாவட்டம் வ.களத்தூர் வழக்கில் 2021இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது, ஒரு தெருவில் ஒரு மதத்தார் அதிகம் இருப்பதால் மற்றவர் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது. அதே நேரம் வழிபாட்டுக் கூட்டத்தை வேண்டுமென்றே குலைப்பதும் குற்றம்தான். இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1882இல் சேலத்தில் மசூதி, ஊர்வலம் என்று ஆரம்பித்தது கலவரமாகி, வக்கீல் விஜயராகவாச்சாரியார் மேலேயே வழக்குப் போட்டு, பிறகு அவர் விடுதலையானார்.

எங்கள் ஊரில் சாமி புறப்பாடு பள்ளிவாசல் முக்குக்கு வந்ததும் நாதஸ்வரக்காரர் நாயனத்தை இறக்கிச் சீவாளியைத் துடைப்பார். தவில்காரர் வார்ப்பட்டையை இழுத்துச் சரிசெய்வார். இருபது அடி தாண்டியதும் மல்லாரி மறுபடி தொடங்கும். யாரும் உத்தரவு போட்டதில்லை. சந்தனக்கூடு அன்று ராத்திரி அவர்கள் பேண்டு வாத்தியமும் மாரியம்மன் கோயில் வாசலில் அதே மாதிரி நிற்கும். தொழுகை நேரத்தைக் கேட்டுக்கொண்டு அரை மணி முன்னாலோ பின்னாலோ புறப்படுங்கள், மேளத்தை நிறுத்த வேண்டிய அவசியமே வராது. ஊர்வலத்தை அந்த வாசலில் நிறுத்தி இருபது நிமிஷம் அடிக்க வேண்டும் என்று உங்கள் கமிட்டியில் யாராவது துடித்தால், அவருக்குத் தேரில் எவ்வளவு அக்கறை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வருஷக் கடைசியில் பழைய சாமி காலண்டர்களை என்ன செய்வது? எங்கள் வீட்டில் எல்லா மதத்துக் காலண்டரும் வருகிறது.
– வாசகி, சிவகாசி

உங்கள் ஊரே ஆயிரக்கணக்கில் அச்சடித்து அனுப்புகிறது, கேள்வியும் அங்கிருந்தே வருகிறது, நல்லது. இந்துக்களுக்கு இதில் கறாரான ஒரே விதி கிடையாது. அட்டையையும் தகரப் பட்டியையும் கழற்றிவிட்டுக் காகிதத்தை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாத்தி வைத்தால் மழையில் நனைந்து கடைசியில் குப்பை வண்டியில்தான் ஏறும். குர்ஆன் வசனமோ அல்லாஹ்வின் பெயரோ உள்ள தாளைத் துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைப்பது வழக்கம். பள்ளிவாசலில் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். குருவானவர் ஜெபித்து ஆசீர்வதித்த பொருளைக் கத்தோலிக்கர்கள் எரிப்பார்கள், இல்லை புதைப்பார்கள். குருத்து ஞாயிறு ஓலையை வருஷம் முழுக்க வீட்டில் செருகி வைத்திருந்து திருப்பிக் கொடுக்க, அதை எரித்த சாம்பல்தான் அடுத்த சாம்பல் புதன் அன்று நெற்றிக்கு வருகிறது. கிழிந்துபோன தேசியக் கொடியைக்கூடத் தனியிடத்தில் மரியாதையாக எரிக்கலாம் என்று 2002ஆம் ஆண்டுக் கொடி விதிகளில் இருக்கிறது.

தினம் கிழிக்கிற தாளில் ராசிபலன் மட்டும்தான் என்றால் பழைய பேப்பர்காரரிடம் தாராளமாகப் போடுங்கள். படம் உள்ள அட்டையை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள், அது நேராக வடைக்கடைக்குப் போகும்.