வான் சாய், சாய் வான்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

வேலைக்கு ஹாங்காங் வந்த இடத்தில் கான்டனீஸ் படிக்கிறேன். கையில் இருப்பது, கான்டனீஸ் ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் யேல் முறையில் அமைந்த பழைய பாடப்புத்தகம். போன் கீபோர்டோ யுட்பிங் என்ற இன்னொரு முறையைக் கேட்கிறது. தெருப்பலகையில் இரண்டுமில்லாத வேறொன்று. சொற்பட்டியலை எக்செல்லில் போட்டு எழுத்துகளை மாற்றிப் பார்த்தேன், எல்லாம் கந்தரகோலம். மூன்றையும் மாற்ற ஒரே அட்டவணை உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யேலுக்கும் யுட்பிங்குக்கும் நடுவே பெரிய தகராறு இல்லை. யேல், ஆங்கிலம் படித்த கண்ணுக்குத் தோதாகச் செய்தது. யுட்பிங், ஹாங்காங் மொழியியல் கழகம் 1993இல் வெளியிட்டது. தொனிக்குறிகள் (அசையைக் குரல் ஏற்றியோ இறக்கியோ சொல்வதைக் காட்டும் குறிகள்) கிடையாது, அசையின் கடைசியில் 1 முதல் 6 வரை ஓர் எண், அதனால்தான் போனுக்குச் சரியாக இருக்கிறது.

யேலின் ஜே யுட்பிங்கில் இசட், யேலின் ஒய் யுட்பிங்கில் ஜே. முதலில் ஒய்யை ஜே ஆக்கிவிட்டு அப்புறம் ஜேயை எல்லாம் இசட் ஆக்கியிருப்பீர்கள், ஒய்யில் தொடங்கியவையும் சேர்ந்து இசட்டுக்குப் போயிருக்கும். வரிசையைத் திருப்புங்கள். ஒய்யை அசையின் தொடக்கத்தில் மட்டும் மாற்றுங்கள், ஒய்-யு என்றே தொடங்குபவற்றைக் கையால் பார்ப்பது நல்லது. எச் என்ற எழுத்திலும் கவனம் வேண்டும். 'படிப்பு' என்பதற்கான சொல்லை யேலில் எச்-ஓ-எச்-கே என்று எழுதுவார்கள். முதல் எச் ஒலி, இரண்டாவது தாழ்ந்த தொனிக்கு அடையாளம். யுட்பிங்கில் இரண்டாவது எச் போய்க் கடைசியில் 6 வரும். எச்சை மொத்தமாக அழித்தால் சொல்லே போச்சு.

தெருப்பலகைக்கு எந்த அட்டவணையும் உதவாது. அதில் தொனி கிடையாது, மூச்சு விட்டுச் சொல்வதா விடாமல் சொல்வதா என்ற வேறுபாடு கிடையாது, குறில் நெடில் கிடையாது. ஒரே மெட்ரோ பாதையில் வான் சாய் என்றொரு நிலையம், சாய் வான் என்றொரு நிலையம். 'வான்' இரண்டிலும் ஒன்றுதான். 'சாய்' மட்டும் பலகையில் ஒரே எழுத்துக்கூட்டல், வாயில் இரண்டு சொல்! முதலாவது யுட்பிங்கில் இசட்டில் தொடங்கும், குறில், இரண்டாம் தொனி. மற்றது சியில் தொடங்கும், நெடில், நான்காம் தொனி. (தமிழில் எழுதினால் குறில் நெடிலாவது தப்பிக்கும், 'சய்', 'சாய்' என்று.) பலகையில் இல்லாத தகவலை எந்த எக்செல்லும் கண்டுபிடித்துத் தராது. மோங்கொக் என்ற இடத்தின் பெயரில் இன்னும் வேடிக்கை. இப்போதைய சீன எழுத்தை 'வோங்' என்றுதான் படிக்கிறார்கள், ஆங்கிலத்தில் நிற்பது பழைய பெயரின் 'மோங்'.

ஆகவே பலகையில் ஆங்கிலத்தோடு இருக்கும் சீன எழுத்தைப் பாருங்கள், அதை அகராதியில் போட்டு யுட்பிங்கை எடுங்கள். யேலில் முதல் தொனிக்கு இரண்டு குறிகள் தென்பட்டால் இரண்டுக்கும் 1 போடுங்கள், இன்றைய ஹாங்காங் பேச்சில் அந்த வேறுபாடு அநேகமாக இல்லை. புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பாடங்கள் நல்ல பாடங்கள்தான். ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் யுட்பிங் எழுதிக்கொண்டே போங்கள்.